மழையில் வரும் கோடை மாணவர்கள்

ஜூன் இரண்டாவது வாரம் ஹைதராபாத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டு மாணவர்களின் பெட்டியில் தவறாமல் இருப்பது வெயிலுக்குப் பூசும் கிரீம். தவறாமல் இல்லாதது குடை. கையில் இருக்கும் காகிதத்தில் 'கோடைப் பயிற்சி' என்று அச்சிட்டிருக்கிறதே, அவர்கள் என்ன செய்வார்கள்! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது கோடைதான். தெலங்கானாவில் அதற்குள் மிருகசிரக் கார்த்தெ பிறந்துவிடும். நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நின்று, வாய்க்குள் மருந்து திணித்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்கி முடித்திருப்பார்கள். முதல் மழை கண்ட நிலங்களில் பருத்தியும் துவரையும் விதைக்கத் தொடங்கியிருப்பார்கள். நாம் ஆடிப்பட்டம் தேடுகிறோம். இவர்களுக்கு விதைப்பு ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதனால் வந்தவர்களை நான் முதல் நாள் கூட்டிப்போகும் இடம் சார்மினார் அல்ல, குடைக் கடை.

இவர்களை நான்கு வாரம் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. ஒப்பந்தக் காகிதத்தில் அதற்குப் 'புரோகிராம் ஸ்டாஃப்' என்று பெயர். கைடு என்று நினைத்துவிட வேண்டாம். கைடுக்குக் கோட்டையின் கதை தெரிந்தால் போதும். எனக்குத் தெரிய வேண்டியவை வேறு: பதினெட்டுப் பேரில் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யார், இரவில் அழுகிறவர் யார், அடுத்த நல்ல கழிப்பறை எத்தனை கிலோமீட்டரில், வேனில் குடிதண்ணீர் கேன் எத்தனை மிச்சம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவம் போக வேண்டும். அது போனதா என்று விடுதிக்காரரை நச்சரிக்க வேண்டும். ஒவ்வொரு முறை வேன் கிளம்பும்போதும் தலை எண்ண வேண்டும். கோல்கொண்டாவில் நமக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய் டிக்கெட். ஏன் என்று கேட்கிறவருக்கு முகம் கோணாமல் பதில் சொல்ல வேண்டும். கொரோனா தின்ற இரண்டு ஆண்டுகள் போக, ஏழு பருவங்கள் இப்படி ஓடியிருக்கின்றன.

எங்கள் திட்டத்தின் பொருள் உணவும் விவசாயமும். எனவே நாட்களில் பாதி பட்டான்செருவில் கழியும்.

ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டர் போனால் பட்டான்செரு. மெட்ரோ ரயில் மியாப்பூரோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் லாரிகளின் ராஜ்யம். செரு என்றால் ஏரி. மேலைச் சாளுக்கியர் கல்வெட்டுகளில் வரும் பொட்டலகெரெ இந்த ஊர்தான், இரண்டாம் ஜயசிம்மன் இங்கிருந்து ஆண்டான் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சமணச் சிற்பங்கள் பல இங்கே கிடைத்திருக்கின்றன. இப்போது நெடுஞ்சாலையிலிருந்து பார்ப்பவருக்குச் சாளுக்கியரும் தெரியமாட்டார்கள், சமணரும் தெரியமாட்டார்கள். டயர் கடை, தாபா, இரும்புக் கடை, வெளிவட்டச் சாலையின் சுங்கச்சாவடி, இவைதான் தெரியும்.

ஊருக்குச் சற்று முன்னால் ராமச்சந்திராபுரம். பெல் தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும் உள்ள இடம். அப்பா திருச்சி பெல்லிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தவர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தெலுங்கு தெருவிலும் தமிழ் வீட்டிலும் கற்றேன். இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன், பட்டம் அல்ல.

நெடுஞ்சாலையின் இந்தத் துண்டில் வெளிநாட்டு மாணவர்கள் புதியவர்கள் அல்ல. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 1998 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தனித் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. ஜப்பான் உதவியோடு வளர்ந்த ஐ.ஐ.டி. சங்காரெட்டி அருகே கந்தியில் இருக்கிறது. ஆனால் பட்டான்செருவுக்கென்றே மாணவர்களை வரவழைத்தது இக்ரிசாட். வறள் நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம் அது. நார்மன் போர்லாக் உருவாக்கிய உலக உணவுப் பரிசைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1987-ல் அதை முதலில் வாங்கியவர் எம்.எஸ். சுவாமிநாதன். அந்த அமைப்பு 1998-ல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கியது. அயோவா மாநிலத்து மக்காச்சோளக் காடுகளில் வளர்ந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் உலகின் ஏதாவதோர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தனியாகப் போய் எட்டு வாரம் இருந்து வர வேண்டும். சென்னை தரமணியில் உள்ள சுவாமிநாதன் நிறுவனத்துக்குச் சிலர் வந்தார்கள். பட்டான்செருவுக்குச் சிலர் வந்தார்கள். எட்டு வாரம் என்பதைக் கவனியுங்கள். எங்களைப் போன்றவர்கள் வேனில் கூட்டம் கூட்டமாக அழைத்துவருவதற்கும் அதற்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இக்ரிசாட் வளாகம் சுமார் 1,400 ஹெக்டேர். வாசலைத் தாண்டியதும் லாரிச் சத்தம் அடங்கி மயில் அகவல் கேட்கும். 1972-ல் மத்திய அரசோடு ஒப்பந்தமாகி இந்த நிலையம் பிறந்தது. மன்மூல், கச்சிரெட்டிபள்ளி என்ற இரண்டு கிராமங்கள் இதற்காக இடம் பெயர்ந்தன. இதை நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன். பசுமையைப் பார்த்து வாய் பிளந்தபின் சொன்னால் காதில் ஏறாது.

உலகத்தில் எவ்வளவோ இடம் இருக்க, இங்கே வந்து உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் மண். செம்மண்ணும் கரிசலும் ஒரே வேலிக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வறள் நில விவசாயத்தில் பாதி இந்த இரண்டு மண்ணிலும்தான் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் நான்கு மாதத்தில். ஜூன் கடைசியில் மாணவர்களைக் கரிசல் வயலில் இறக்கிவிட்டால் பத்தே அடியில் ஒவ்வொரு பூட்ஸிலும் இரண்டு கிலோ மண் ஏறிவிடும். ஒரு பையன் பூட்ஸைக் கழற்றாமல் காலை மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கிறான். அவர்கள் சிரிப்பார்கள். நான் கி. ராஜநாராயணன் ஊர்ப் பக்கத்துக்காரி, எனக்கு அந்த மண்ணின் குணம் தாய்மாமன் குணம் மாதிரி பழக்கம். வெயிலில் வெடித்துப் பிளக்கும், மழையில் யாரையும் உள்ளே விடாது, ஆனால் குடித்த தண்ணீரை மாதக்கணக்கில் வயிற்றில் வைத்திருக்கும்.

மழையில் உள்ளே விடாது என்பதால்தான் இந்தப் பகுதி விவசாயிகள் ஆழமான கரிசலை மழைக்காலம் முழுதும் தரிசாகப் போட்டு, மழை ஓய்ந்தபின் ஈரத்தை நம்பி ஒரு போகம் சோளமோ கொண்டைக்கடலையோ எடுத்து வந்தார்கள். வளாகத்தில் 1976 முதல் ஒரு சோதனை நடந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம். ஒன்றில் பழைய முறை. மற்றதில் அகலமான மேட்டுப் பாத்தி, இடையில் நீர் வடியச் சால், மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பு, ஆண்டில் இரண்டு பயிர். பழைய முறைத் துண்டில் ஹெக்டேருக்கு ஒரு டன் சொச்சம். புதியதில் ஐந்து டன் அளவுக்கு. அவ்வளவு நீண்ட கால ஒப்பீடு உலகத்தில் அபூர்வம். அந்த வரப்பில் நிற்கும் மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அப்படியானால் ஏன் எல்லா விவசாயிகளும் இதைச் செய்வதில்லை?

அதற்குப் பதிலாக ஒரு வண்டியின் கதையைச் சொல்வேன். அந்த அகலப் பாத்தியை அமைக்க ஒரு மாட்டு வண்டிக் கருவி வேண்டியிருந்தது. உழலாம், விதைக்கலாம், களை எடுக்கலாம், பாரமும் ஏற்றலாம். பொறியாளர்கள் அதை மெருகேற்றிக்கொண்டே போனார்கள். இந்தியாவில் மட்டுமல்ல, ஆப்பிரிக்காவிலும் அந்த வகைக் கருவிகளைப் பரப்பப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். பால் ஸ்டார்கி என்ற ஆங்கிலேயர் நாடு நாடாகப் போய்க் கணக்கெடுத்து 1988-ல் புத்தகம் எழுதினார். கருவியில் குற்றமில்லை, விவசாயி வேண்டாம் என்றுவிட்டான் என்பது அதன் சாரம். விலை ஒரு ஜோடி மாட்டை விழுங்கும், கனம் அதிகம், பல வேலை செய்யும் ஒரு கருவியைவிட ஒரு வேலை செய்யும் பல கருவிகள் அவனுக்குச் சௌகரியம். பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காது. பொருளாதாரம் படிப்பவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

இக்ரிசாட்டில் எனக்கு அதிகம் மரியாதை உள்ளது கட்டடங்களின் மீதல்ல, 1975-ல் தொடங்கிய ஒரு கிராம ஆய்வின் மீது. மகபூப்நகர் மாவட்டத்தில் ஆரேபள்ளி, டோகூர். சோலாப்பூரில் இரண்டு ஊர். அகோலாவில் இரண்டு ஊர். ஊருக்கு 40 குடும்பம். கிராமத்துப் பின்னணியும் அந்தப் பகுதி மொழியும் கொண்ட பட்டதாரி ஒருவரை அந்தந்த ஊரிலேயே குடியிருக்க வைத்து, சில வாரத்துக்கு ஒருமுறை அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்க வைத்தார்கள். என்ன விதைத்தாய், எவ்வளவு கூலி, யாரிடம் கடன், என்ன சாப்பிட்டாய். பத்தாண்டு இப்படி. பிறகு 2001-ல் மறுபடி அதே குடும்பங்கள். இந்தியக் கிராமத்தின் ஏழ்மையைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட எத்தனையோ பொருளாதாரக் கட்டுரைகள் இந்த ஏடுகளிலிருந்து பிறந்தவை. இதைச் சொல்லும்போது மாணவர்களின் பயணத் திட்டத்தை எடுத்து அவர்களுக்கே காட்டுவேன். அதில் 'கிராம வருகை: 11.00 முதல் 12.30' என்றிருக்கும்.

மரபணு வங்கிக்குப் போகும் நாளில் எல்லோரும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். குளிர் என்றால் அவர்களுக்கு வீட்டு ஞாபகம். சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை, கேழ்வரகு, சிறுதானியங்கள் என்று 144 நாடுகளிலிருந்து சேகரித்த 1.25 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உள்ளன. அன்றாடப் புழக்கத்துக்குரியவை 4 டிகிரியில். நெடுங்காலத்துக்குரியவை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில். 2008-ல் நார்வே பனிமலைக்குள் ஸ்வால்பார்ட் விதைக் கிடங்கு திறந்தபின், பெரும் பகுதிக்கு அங்கேயும் ஒரு பிரதி போயிருக்கிறது. விதை உள்ளே போவது மட்டுமல்ல, வெளியேயும் வருகிறது. எத்தியோப்பியா, சோமாலியா, கேமரூன், நைஜீரியா போன்ற நாடுகளிடமிருந்து வாங்கிவைத்த சோள வகைகளை, அந்த நாடுகளுக்கே இங்கிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பருவத்தில் எங்கள் குழுவில் அமெரிக்காவில் குடியேறிய எத்தியோப்பியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இந்தச் செய்தியைக் கேட்டதும் அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் வேனில், தன் பாட்டி வீட்டுச் சோளத்துக்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் ஜஹீராபாத். அருகே பஸ்தாபூர். அங்கே இன்னொரு விதை வங்கி இருக்கிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. 1983-ல் தொடங்கிய டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தோடு சேர்ந்த தலித் பெண்களின் சங்கங்கள் நடத்துவது. மண் பூசிய மூங்கில் கூடைகளில், வேப்பிலையும் சாம்பலும் கலந்து, தானியமும் பருப்புமாக எத்தனையோ வகை. விதை கேட்டு வருகிற பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள்; விளைந்ததும் அவள் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருகிறாள். 2008-ல் மாச்சனூரில் இவர்கள் தொடங்கிய சங்கம் ரேடியோவை நடத்தியவர்களில் நரசம்மா என்ற ஒரே பெயருடைய இருவர் உண்டு. 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இந்தச் சங்கங்களுக்குக் கிடைத்தது. சிறுதானியம் இன்று பட்டணத்துக் கடைகளில் அலங்காரப் பாக்கெட்டில் விற்கிறது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கேலி செய்யப்பட்ட காலத்திலும் இதை விதைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பெண்கள்.

இந்த இரண்டு வங்கிகளில் எது சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்த மாணவர்களுக்கு மிகவும் ஆசை. நான் இடம் கொடுப்பதில்லை. கூடைக்காரப் பெண்கள் எங்களை 'பிட்டா' என்று கூப்பிட்டு ஜொன்ன ரொட்டி தட்டித் தருவார்கள். அதைச் சாப்பிடுவது முக்கியமான வேலை. இங்கே எங்கள் விதிகள் மூன்றே. கேட்காமல் படம் எடுக்காதே. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்காதே. கொடுத்ததை மிச்சம் வைக்காதே. மூன்றாவது விதிதான் அடிக்கடி மீறப்படுகிறது. பச்சை மிளகாய்ப் பச்சடி அப்படி.

திரும்பும் வழியில் சங்காரெட்டியில் 1796-ல் கட்டிய பழைய சிறைச்சாலை இருக்கிறது. 2016-ல் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருநாள் கைதியாக இருக்க அனுமதித்தார்கள். அந்தச் செய்தியை எங்கேயோ படித்துவிட்டு ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது அங்கே போக வேண்டும் என்பார். நேரமில்லை என்று சொல்லிவிடுவேன்.

இனிமேல் சொல்வதுதான் எங்கள் அச்சிட்ட திட்டத்தில் இல்லாத பகுதி.

முதல் வாரமே யாராவது ஒருவர் இரவில் வந்து கேட்பார், இது என்ன வாசனை என்று. மழைக்கால இரவில் காற்று ஒரு பக்கமிருந்து வீசினால், ரசாயன ஆய்வுக்கூடமும் அழுகிய முட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி வரும். எழுபதுகளில் இக்ரிசாட் வந்த அதே காலத்தில்தான் பட்டான்செருவிலும் பொல்லாரத்திலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. மருந்து மூலப்பொருள் ஆலைகள் வந்தன. உலகத்துக்கு மலிவாக மாத்திரை கொடுக்கும் ஊர் என்று ஹைதராபாத் பெயர் வாங்கியது இப்படித்தான். கழிவு இசகவாகுவில் இறங்கி, நக்கவாகுவில் சேர்ந்து, மஞ்சீரா ஆற்றுக்குப் போனது. இசக என்றால் மணல், நக்க என்றால் நரி, வாகு ஓடை. மணலோடை, நரியோடை. பெயர்கள் அழகு. கரையோரக் கிராமங்களில் கிணறு கெட்டது, நெல் கருகியது, மாடு செத்தது. பட்டான்செருவில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் ஏ. கிஷன் ராவ், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, காரணம் ஓடையில் இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1990-ல் விவகாரம் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

அந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வரும் தண்ணீரைத்தான் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்து ஜோகிம் லார்சனும் சகாக்களும் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு வந்து சேர்ந்த இடம் அது. சிப்ரோஃபிளாக்சசின் என்ற மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட, 'சுத்திகரித்த' தண்ணீரில் மருந்து அதிகம். 2009-ல் வந்த அடுத்த ஆய்வு கிராமத்துக் கிணறுகளிலும் மருந்து எச்சம் இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிக மோசமாக மாசுபட்டவை என்று அறிவித்த 43 தொழில் பகுதிகளில் பட்டான்செரு-பொல்லாரமும் ஒன்று. பின்னாளில் கழிவைக் குழாய் வழியாக நகரச் சாக்கடையோடு சேர்த்து அம்பர்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

இதில் மாணவர்களுக்கு என்ன சம்பந்தம்? சம்பந்தம் அவர்கள் பையிலேயே இருக்கிறது. இந்தியாவுக்குப் புறப்படும்போது வயிற்றுப்போக்குக்கென்று டாக்டர் ஒரு பட்டை மாத்திரை எழுதித் தருவார். வந்த முதல் நாள் மருந்துப் பட்டியலை வாங்கிப் பார்ப்பது என் வேலை என்பதால் எனக்கு அது மனப்பாடம். தொடக்கத்தில் சிலர் சிப்ரோ கொண்டுவந்தார்கள். இப்போது அநேகமாக எல்லோரும் அசித்ரோமைசின்தான். காரணம் கேட்டால் ஒரு மாணவருக்கும் தெரியாது. தெற்காசியாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பல சிப்ரோவுக்கு மசிவதில்லை என்பதே காரணம். பழியை முழுதும் பட்டான்செருவின் தலையில் போட முடியாது. ஜலதோஷத்துக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கும் நம் பழக்கத்துக்கும், கோழிப் பண்ணைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் மருந்தில் ஊறிய ஓடை கிருமிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அங்கே படித்த கிருமிக்கு விசா தேவையில்லை.

இதையெல்லாம் இக்ரிசாட் பார்த்த நாள் மாலை, விடுதியில் உட்கார வைத்துச் சொல்வேன். அதற்குப் பிறகு ஓடையைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். முதல் பருவத்தில் கரையோர ஊர் ஒன்றில் இறங்கியபோது ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாட்டில் எங்கே என்று கேட்டார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறவர்களைப் பார்த்தே அவர் தலை நரைத்துவிட்டது. டி.வி.க்காரர்கள் வந்தார்கள், நீதிமன்றக் குழு வந்தது, வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பாட்டில்கள் போயின. யாரும் வந்து அளந்த கணக்கைச் சொல்லவில்லை. அது அவருடைய குறை, நியாயமான குறை. பதினெட்டு இளைஞர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்பது அந்தக் குறைக்கு மருந்தாகாது.

அன்றிலிருந்து ஓடைக்கு வேனை விடுவதில்லை. கேட்கிறவர்களில் ஐந்தாறு பேரை மட்டும், உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு, ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். கேமரா கிடையாது. போகுமுன் ஆய்வு முடிவுகளைத் தெலுங்கில் இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொள்கிறோம். கேட்கிறவருக்குப் படித்துக் காட்டுவது மாணவர்களின் வேலை. அவர்கள் தெலுங்கைக் கேட்டு ஊர் சிரிக்கும். சிரித்தபின் பேசும். ஒருமுறை நர்சிங் படிக்கும் பெண்ணிடம் ஓர் அம்மா, மருந்து செய்கிறவர்கள் எங்களுக்கு ஏன் நோயைத் தந்தார்கள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அந்தப் பெண், மலிவாக வாங்குகிறவர்கள் நாங்கள் என்று சொல்லச் சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா, போகட்டும் என்று விட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

2025 ஜூன் 30, திங்கட்கிழமை. குழு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. காலையில் பாஷமைலாரம் தொழிற்பேட்டையில் மாத்திரைக்குச் சேர்மானப் பொடி செய்யும் ஆலை ஒன்று வெடித்தது. 40-க்கும் மேற்பட்ட தொழிலாளர் இறந்தார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா என்று தொலைவிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். எங்கள் மாணவர்களின் வயதுக்காரர்களும் இருந்தார்கள். அன்று மாலைக்குள் கடல் கடந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. என் பிள்ளை பத்திரமா? பத்திரம் என்று பதினெட்டு முறை பதில் எழுதினேன். வேலை தேடி ரயிலேறி வந்த அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலில் ரத்த மாதிரி கொடுத்துவிட்டு, சாம்பலில் தம் பிள்ளை எது என்று தெரியக் காத்திருந்தார்கள்.

மறுநாள் எங்களை அமர்த்திய நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து யோசனை வந்தது: மீதி நாட்களுக்குப் பட்டான்செருவை விட்டுவிடலாமா? வண்டி ராமோஜி திரைப்பட நகரம் போகட்டுமே! நான் எழுதிய பதில் நீளம். சுருக்கம் இதுதான்: உணவும் விவசாயமும் படிக்க வந்தவர்கள், மண்ணையும் தண்ணீரையும் ஒரே ஊரில் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது, ஆலைப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் நகரத்தில் மியூசியம் மியூசியமாகச் சுற்றினோம். பிறகு சரி என்று வந்தது, ஓடைக்குப் போவது கூடாது என்ற நிபந்தனையோடு. ஒப்புக்கொண்டேன். தெலுங்கு இரண்டு பக்கம் அந்த ஆண்டு என் பையிலேயே இருந்தது.

மாணவர்கள் வேறொன்று செய்தார்கள். ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து, அவரவர் மருந்துப் பெட்டியைக் கொட்டி, எந்த மாத்திரை எங்கே செய்தது என்று பார்க்கத் தொடங்கினார்கள். பட்டையின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கிறது. செய்த நாடு சிலவற்றில் இருக்கிறது. உள்ளே இருக்கும் மூலப்பொருள் எந்த ஊரில் செய்தது என்பது ஒன்றில்கூட இல்லை. கோதுமை மாவு எந்த மாநிலத்துடையது என்று எங்கள் ஊரில் பாக்கெட்டில் போடுகிறார்களே என்று கனடாப் பையன் ஒருவன் கோபப்பட்டான். அவன் ஊர்த் தபால் முகவரிக்கு, அவன் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லையாம். எழுதிக்கொண்டுதான் இருக்கிறான்.

கடைசி வாரம் போனாலு வந்துவிடும். நம் ஆடிக் கூழைப் போல, தலையில் பானையும் வேப்பிலையுமாகப் பெண்கள் அம்மனுக்குச் சோறு எடுத்துப் போகும் திருவிழா. கோல்கொண்டாவில் தொடங்கி வாராவாரம் நகரம் முழுக்கப் பரவும். மாணவர்களுக்கு அதில் ஒரே கொண்டாட்டம். எனக்கு அன்றுதான் தலை எண்ணும் வேலை மிகக் கஷ்டம்.

புறப்படும் முந்தைய இரவு பெட்டிகளைச் சோதிக்கிறேன். விதை இருந்தால் எடுத்துவிட வேண்டும். உரிய சான்றிதழ் இல்லாமல் எந்த நாட்டிலும் விதையை உள்ளே விடமாட்டார்கள். எவ்வளவு சொன்னாலும் பஸ்தாபூர்ப் பெண்கள் கையில் கொடுத்த துவரையும் கம்பும் சோளமும் சாக்ஸுக்குள்ளும் கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் இருக்கும். எடுத்து ஒரு டப்பாவில் போட்டு எங்கள் வேன் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். சங்காரெட்டிக்கு அப்பால் அவருக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, செம்மண். போன வருடத் துவரை வரப்போரம் நன்றாக வந்ததாகச் சொன்னார். கம்பை மயில் தின்றுவிட்டதாம்.